இட்லிக் குண்டானில் வெந்த வால்வுகள்

இன்று குக்கர் கேஸ்கட் தீய்ந்து ரப்பர் வாடை வந்ததும், அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கே ஓடிவிட்டேன். திருவண்ணாமலை ஸ்டேஷனுக்குப் பின்னால், இப்போது லாட்ஜ் நிற்கிற இடத்தில், அப்போது இருந்த எங்கள் தகரக் கொட்டாயில் எந்நேரமும் அந்த வாடைதான். லேத் பட்டறையில் வேலை பார்த்த அண்ணன், நிஜமாகவே நீராவியில் ஓடுகிற முழ நீள ரயில் இஞ்சின் ஒன்றைப் பித்தளையில் செய்துகொண்டிருந்தான். அதற்குச் சூடு தாங்கும் வால்வு வேண்டுமென்று பழைய ஸ்டவ், பம்பு என எதையெதையோ கழற்றி வந்து, ஒவ்வொன்றையும் அம்மாவின் இட்லிக் குண்டானில் போட்டு வேகவைத்துப் பார்ப்பான்.

"ஏண்டா, இன்னிக்கு இட்லிக்குத் தொட்டுக்க ரப்பரா?" என்பாள் அம்மா.

கடைசியில் இரண்டு வால்வுகள் மிஞ்சின. குண்டான் மூடியின் ஓட்டையில் செருகி ஆவி விட்டபோது, முழுப் பித்தளையில் இருந்தது லேசாகச் சீறியது. ரப்பர் வைத்தது சத்தமே போடவில்லை. சீறினாலே எனக்குப் பயம்.

"நீயே சொல்லு பாப்பா" என்றான். ரப்பரைக் காட்டினேன்.

மூடிய பாய்லருக்குள் சூடு குண்டானைவிட ஜாஸ்தி ஏறும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. குட்டித் தண்டவாளத்தில் இஞ்சினை வைத்து அவன் குனிந்து பார்த்தபோது, ரப்பர் இளகி, வால்வு பிய்த்துக்கொண்டு, கொதிநீர் முகத்தில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டோடு என் கையைத் தடவிப் பிடித்தான். "வண்டி நவுந்துச்சா பாப்பா?"

"நவுந்துச்சுண்ணா. வாசல் வரைக்கும் போச்சு."

சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. அவனைக் கைபிடித்து நடத்த ஆள் வேண்டுமென்று, நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அண்ணன் சாகும்வரை, வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த வண்டி ஓடியதைச் சொல்லிவிட்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பி, "எங்க பாப்பா பாத்துச்சு, வேணும்னா கேளுங்க" என்பான்.