போடிமெட்டு இறக்கத்தில் என் பேட்டரி கார்

போடி ஜீப்பு ஸ்டாண்டில் எனக்குப் பேட்டரியக்கா என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன். எங்கள் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மின்சார வண்டியைப் பற்றிப் பேசுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

முதலில் நான் வாங்கியது ஈய பேட்டரி ஸ்கூட்டர். அம்மிக்கல்லாகக் கனக்கும், பக்கத்து ஊரான சிலமலை போய்ச் சேருவதற்குள் நின்றுவிடும். என் கணவர் அதைத் தள்ளிக்கொண்டு வந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. அப்புறம் லித்தியம் பேட்டரி வண்டி வாங்கினேன். அதே சிலமலைக்கு மட்டுமல்ல, அதையும் தாண்டித் தேவாரம் ஊருக்கும் போய்த் திரும்பினேன். பேட்டரியின் கனம் குறைந்து ஓடும் தூரம் கூடிக்கொண்டே வந்ததை நான் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, என் வீட்டு வாசலிலேயே பார்த்தேன். கடைசியில் கார் வாங்கி, மலையில் இருக்கும் மகள் வீட்டுக்கும் ஏறிவிட்டேன்.

ஸ்டாண்டில் மூத்த டிரைவர் ஒருவர் இருக்கிறார். தோட்ட வேலைக்குப் பெண்களைத் தினமும் மலைக்கு ஏற்றிப் போகிறவர். அவருடைய ஜீப்பு தேய்ந்து ஓய்ந்து, புதிதாக ஒன்று வாங்கியே தீரவேண்டிய நிலை. அவர் எதை வாங்குகிறாரோ அதைத்தான் மற்றவர்களும் வாங்குவார்கள்.

"ஏறுறது பெருசில்ல ஆத்தா. எறங்குறதுதான் சோலி. போடிமெட்டுல இருந்து எறங்குறப்ப உன் வண்டியை எது புடிச்சு நிறுத்தும்?" என்று கேட்டார்.

"மோட்டாரே புடிச்சு நிறுத்தும்ணே. சார்ஜும் ஏறும். கூட வந்து பாருங்க."

ஒரு நாள் என் மகள் வீட்டை ஒட்டிய ஏலத்தோட்டத்துக்கு வேறு ஜீப்பில் வந்தவர், கீழே என்னோடு இறங்கிவர ஒத்துக்கொண்டார். நான் சொன்னது நடக்காவிட்டால் அவர் டீசல் ஜீப்பே வாங்குவார், என் பேச்சும் அதற்குமேல் ஊரில் எடுபடாது.

முந்தின நாளே மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் கிளம்பும்போது பார்த்தால் திரையில் நூறு சதவீதம் என்று நிற்கிறது. சம்பந்தியம்மா சிரித்தபடி வந்தார்.

"வந்த வண்டியை அரை வயித்தோட அனுப்புனா நல்லாவா இருக்கும் சம்பந்தி? விடிய விடிய சொருகி வச்சேன்ல."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. உபசரிப்பவர்மேல் எரிந்து விழவும் முடியாது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். அந்த இழுவைதான் வண்டியைப் பிடித்து இறக்குகிறது. உண்டான மின்சாரம் போய்ச் சேர பேட்டரியில் இடம் வேண்டும். நிறைந்திருந்தால் மோட்டார் பிடிக்காது, வெறும் பிரேக்கை நம்பித்தான் மலையிறங்க வேண்டும்.

அந்த நேரம் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கும் பெண்கள் வேலை முடிந்து, ரோட்டைப் பார்த்து மேடேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டேன். ஏசியை முழுசாகத் திருப்பிவிட்டு, ரோட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பிரேக்கில் கால் வைத்தபடி மெதுவாகத் திரும்பிவந்து அடுத்த கூட்டத்தை ஏற்றினேன்.

"குளுருதுக்கா, அந்தக் காத்தை நிறுத்துங்க," என்றாள் ஒருத்தி. நிறுத்தவில்லை.

தோட்டத்திலிருந்து வந்து என் பக்கத்தில் ஏறியிருந்த டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "இம்புட்டு நாளா சார்ஜு சார்ஜுன்னு பேசிட்டு, இப்ப வேணும்னே கரைக்கிறயே ஆத்தா?"

"எடம் பண்றேண்ணே. எறங்குறப்ப வர்றதை எங்க வைக்கிறது?"

அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

பெண்கள் எல்லாரும் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி தொண்ணூறுக்குக் கீழே வந்திருந்தது. போடிமெட்டைத் தாண்டியதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி தானாகவே அடங்கி இறங்கியது. வளைவுகளில் பிரேக்கைத் தொட்டதே கொஞ்சம்தான். திரையில் எண் ஒவ்வொன்றாக ஏறியது. "பாருங்கண்ணே," என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்றை மோந்து பார்த்துக்கொண்டே வந்தார். நான் அழாத குறை.

அடிவாரத்தில் முந்தல் கிராமத்தில் நிறுத்தச் சொன்னார். மலையிறங்கி வரும் ஜீப்புகள் அங்கே பிரேக் கருகின வாடையோடு வந்து நிற்கும், சக்கரத்தில் தண்ணீர் தெளித்தால் சீறும். அவர் இறங்கிப்போய் முன்சக்கரத்தருகே குனிந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அப்புறம் மற்ற சக்கரங்களுக்கும் போனார்.

"வெதுவெதுப்பாத்தான் இருக்கு," என்றார்.

அந்த ஒரு பேச்சில் எனக்குப் பெருமை தாங்கவில்லை, கண்ணும் கலங்கிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல், "அப்ப ஸ்டாண்டுக்குப் போவமாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"எறங்கி அங்கிட்டு உக்காரு ஆத்தா. பொம்பளைகளை வச்சுக்கிட்டு எறங்கப் போறவன் நான். ஒருக்கா நானே மெட்டு வரைக்கும் ஏத்தி எறக்கிப் பாக்குறேன்."