எட்டு ஓம்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி

காணிக்கைப் பொருளில் கொடுத்தவர் பெயர் பெரிதாக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் சபைக்கு வந்த ஸ்பீக்கர் பெட்டியின் முன்பக்கம் முழுக்கப் பெயர்தான். பின்பக்கம் சின்னதாக ஒரு ஸ்டிக்கர்: எட்டு ஓம்ஸ்.

பாடகர் குழுவில் அப்போது கிதார் வாசித்தவள் நான். ஆம்ப்ளிஃபையரும் என்னுடையதுதான், பள்ளிக்கூடச் சம்பளத்தில் ஆசை ஆசையாக வாங்கியது. அதன் உள் ஸ்பீக்கர் கிழிந்துபோனதால்தான் இந்தப் பெட்டி வந்தது. மின்தடை எட்டு ஓம்ஸுக்குக் குறைந்த ஸ்பீக்கரை மாட்டக்கூடாது என்று ஆம்ப்பின் முதுகிலேயே போட்டிருக்கிறது. மாட்டினால் ஸ்பீக்கர் தாங்காத கரண்டை இழுத்து, ஆம்ப் சூடேறிக் கருகிவிடும். பெட்டிக்குள் இரண்டு ஸ்பீக்கர் இருப்பது வலை வழியாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் எட்டாக இருந்து, பக்க இணைப்பில் போட்டிருந்தால் மொத்தம் நாலுதான். ஸ்டிக்கர் ஒட்டிய மகராசன் எதை நினைத்து ஒட்டினானோ.

ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் பையிலிருந்து ஓம்ஸ் அளக்கும் மீட்டரை எடுத்தேன். குயர் மாஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"டீச்சர், காணிக்கையா வந்த பொருளுக்கு மீட்டர் வச்சுப் பாப்பாகளா? பெட்டி குடுத்த அண்ணன் முன் பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு."

"நான் ஸ்பீக்கரைத்தான் பாக்குறேண்ணே. அண்ணனை இல்ல."

மீட்டர் மூன்று சொச்சம் காட்டியது. மீட்டர் எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும் என்றாலும், நிஜமான எட்டு ஓம்ஸ் பெட்டி ஆறையாவது தொடும். வயரை மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெட்டி கொடுத்தவர் எழுந்து வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"விடுங்கப்பா. டீச்சருக்கு நம்ம மேல நம்பிக்கை இல்ல போல."

அன்றைக்கு ஆம்ப் இல்லாமலே வாசித்தேன். என் காதுக்கே கேட்கவில்லை.

சில வாரங்களில் அந்தப் பெட்டிக்குப் பொருத்தமாக, நாலு ஓம்ஸ் தாங்கும் புது ஆம்ப் வந்தது. கொடுத்தவர் அவரேதான். நான் சொன்னதை ஏற்றுக்கொண்டாரே என்று சந்தோஷமாகக் கிதாரோடு போனேன். என் நாற்காலியில் அவருடைய மருமகன் உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"ஆம்ப்போட ஆளையும் குடுத்துட்டாரு டீச்சர். நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார் குயர் மாஸ்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

பெட்டி வரும்போதே ஆளை முடிவு செய்துவிட்டார்களா, நான் மீட்டர் வைத்த பிறகுதானா? கேட்டால் குயர் மாஸ்டர் சிரித்து மழுப்புகிறார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. மருமகன் நன்றாகத்தான் வாசிக்கிறார், அது இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

என் ஆம்ப் கருகாமல், சத்தமில்லாமல் வீட்டில் இருக்கிறது. நானும்தான்.