ஷெரின் நிரப்பாத பை

என் அக்கா ஷெரினுக்கு உட்காரத் தெரியாது. இருபத்தாறு வயதாகியும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளர் வேலை. வண்டி ஒத்தக்கடையில் நிற்கும். பசுமலையில் எங்கள் எதிர்வீட்டுக் குக்கர் விசிலடித்தால்கூட எழுந்து ஷூவைத் தேடுவாள். நான் ஒன்றை ஒளித்துவைப்பேன். ஒற்றை ஷூவோடு துரத்துவாள். எங்கள் வீட்டில் உடற்பயிற்சி என்றால் அதுதான்.

போன வாரம் இரண்டும் வாசலிலேயே கிடந்தன. தொட மனசு வரவில்லை.

மேலூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து, ஆறு வயதுப் பிள்ளை ஒன்று அக்காவின் வண்டியிலேயே இறந்துபோயிருந்தது. அன்றிலிருந்து கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். சோறும் நின்றபடிதான். வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி, திங்கட்கிழமை கொடுக்க பைபிளுக்குள் வைத்துவிட்டாள். ஆபீசிலிருந்து மனநல ஆலோசகர் போனில் கேட்டதற்கு, "நல்லாருக்கேன் மேடம்" என்றாள். பொய்யில் எனக்கு அனுபவம் உண்டு. இது மட்டமான பொய்.

சனிக்கிழமை மதியம் அவளுடைய டிரைவர் ஜெயபாண்டி அண்ணன் வந்தார். தோளில் காலிப் பை, கையில் அட்டைப்பெட்டி.

"என்னண்ணே இது?" என்றாள் அக்கா.

"ஸ்பேர் பை. பெட்டியில சாமான். ரெண்டையும் ஸ்டோர்ல கெஞ்சி வாங்கியாந்தேன். நிரப்பு."

ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் இருவரும் சேர்ந்துதான் முதலுதவிப் பையை நிரப்புவார்கள். அவர் பொருளைச் சொல்ல, அது யாருக்குச் செலவானது என்று சொல்லி அவள் புதிதை உள்ளே வைப்பாள். அதோடுதான் அவர்களுக்கு அந்தக் கேஸ் முடியும். பிள்ளை இறந்த அன்று மட்டும் அடுத்த ஷிப்ட்காரர்கள் பாவம் பார்த்து, தாங்களே நிரப்பிக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"நானும் சரின்னுட்டேன். நல்லது பண்றதா நெனச்சுத் தப்புப் பண்ணிட்டோம்" என்றார். "பஞ்சு?"

அக்கா நடந்துகொண்டே சொன்னாள். "ஆட்டோக்காரருக்கு. நெத்தியில."

"கட்டுத்துணி?"

"பூக்காரம்மாவுக்கு மூணு. கூடை எங்கேன்னு திட்டிக்கிட்டே இருந்துச்சு."

"என்னையுந்தான். மாட்டுவண்டி ஓட்டுறேனாம்."

அக்கா லேசாகச் சிரித்தாள்.

"சின்ன ஆக்சிஜன் மாஸ்க்?"

நடை நின்றது.

"அந்தப் பிள்ளைக்கு. சரியாத்தாண்ணே மாட்டுனேன். மாஸ்க்ல மூச்சுப் புகை படிஞ்சுச்சு. பெறகு படியல. நான் விடலண்ணே. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நெஞ்சை அமுக்கிக்கிட்டேதான் வந்தேன்."

"தெரியும்மா. சத்தமா எண்ணிக்கிட்டே வந்தியே. இப்ப வீட்ல தட்டு விழுந்தாக்கூட நான் எண்ண ஆரம்பிச்சிர்றேன்."

"உங்களுக்குமா?"

"பின்ன? நான் என்ன ஸ்டியரிங்கா?"

அக்கா தரையில் உட்கார்ந்தாள். மாஸ்க்கைப் பைக்குள் வைத்துவிட்டு அழுதாள். ஓடிவந்த அம்மாவை அடுப்படியிலேயே பிடித்து நிறுத்தினேன்.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை வரலண்ணே" என்றாள்.

அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"அதுக்கடுத்த திங்கக்கிழமை வாரேன். அதுக்குள்ள அந்த மேடத்தைப் பாக்கணும். இந்தத் தடவ உண்மையச் சொல்றேன். நீங்களும் வாங்க."

"எனக்கெதுக்கு?"

"தட்டு விழுந்தா எண்ணுறீங்கள்ல?"

அவர் ஆலோசகருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா ஒருமுறை எழுந்தாள். பிறகு, தானாகவே மறுபடி உட்கார்ந்தாள்.