பிள்ளையாருக்கு எத்தனை வீடு?

டேட்டாபேஸ் பழுது பார்ப்பவனுக்குப் பிழையைத் திருத்துவது பெரிய வேலையல்ல. அது கண்ணில் பட வேண்டும், அதுதான் வேலை. மெக்கானிக் வந்ததும் ஒழுங்காக ஓடும் மிக்ஸியை வைத்திருப்பவர்களே, நீங்களும் என் கட்சிதான்.

நான் போனால் அது இல்லை

அருப்புக்கோட்டையில் தண்ணீர் லாரிகள் ஓட்டும் அண்ணாச்சி ஒருவருக்கு ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். அன்றன்று தண்ணீர் போகும் தெருக்களில் எத்தனை வீடு என்று தினமும் காலையில் நிரப்பும் ஓர் அட்டவணை. எந்த லாரி எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்று இன்னோர் அட்டவணை. காலையில் பொத்தானை அழுத்தினால், லாரித் தண்ணீரை வீடுகளால் வகுத்து, வீட்டுக்கு எத்தனை குடம் என்று டிரைவர்களுக்குச் சீட்டு அச்சடிக்கும். அட்டவணைகளிடம் இப்படிக் கேட்கும் கேள்விக்கு எங்கள் தொழிலில் ‘க்வெரி’ என்று பெயர்.

அந்த க்வெரி தினமும் காலையில் பிழை காட்டி நின்றது. பரளச்சியில் ஜனங்கள் குடத்தோடு காத்திருக்க, லாரிகள் ஷெட்டிலேயே நின்றன. விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து நான் போய் அழுத்தினால் சீட்டு சமர்த்தாக வந்தது. ஷெட்டில் கணினி வேலை பார்க்கும் முத்துலட்சுமிக்கு ஒரே சந்தோஷம். “உங்க கைராசி சார். தெனமும் வந்து அமுக்கிட்டுப் போயிருங்க.”

காப்பியிலும் காணோம்

வகுக்க முடியவில்லை என்று கணினி இங்கிலீஷில் திட்டுவதாக முத்துலட்சுமி போனில் சொன்னாள். புரிந்துவிட்டது. பத்து மிட்டாயை ஐந்து பேருக்குப் பங்கிடலாம்; யாருமே இல்லாத இடத்தில் ஆளுக்கு எத்தனை என்று கேட்டால் கணினி கையை விரித்துவிடும். எங்கோ ஒரு பூஜ்யம் இருக்கிறது. டேட்டாபேஸை அப்படியே காப்பி எடுத்து மெயிலில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். வரி வரியாகத் தேடினேன். பூஜ்யம் இல்லை. க்வெரியும் ஓடியது.

அதைச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துபோகும் முத்துலட்சுமிக்கு இதுதான் முதல் வேலை. அவள் எதிரிலேயே அண்ணாச்சி என்னிடம் போனில் சொன்னார்: “ஒங்ககிட்ட ஓடுது, இந்தப் புள்ளகிட்ட மட்டும் ஓடலை. அப்ப கோளாறு மெசின்ல இல்ல. வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளப் போட்டுக்கிறேன்.”

நனைந்த ஷூ

வெள்ளிக்கிழமை ஷெட்டுக்குள் நுழையும்போது, ஒழுகிய லாரிக் குழாய் என் ஷூவை நனைத்துவிட்டது. கழற்றி வாசலில் காயவைத்துவிட்டு உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினேன். பிழை வந்தது. கணினியைக் கட்டிப்பிடிக்காத குறை. அட்டவணையைத் திறந்தால் முதல் வரியில் ‘பிள்ளையார், வீடு: 0’ என்று இருந்தது.

பிள்ளையார் சுழி போடாமல் எதையும் எழுதக்கூடாது என்று, தினமும் காலையில் முதல் பெயராக அவரைப் பதிவு செய்திருக்கிறாள். அவருக்கு ஏது வீடு என்று பூஜ்யம். அப்படியானால் நான் வந்தபோதெல்லாம் அவர் எங்கே போனார் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். “நீங்க ஷூவோடயே உள்ள வருவீக. சாமிய வச்சுக்கிட்டு எப்பிடி சார்? நீங்க வாறதப் பாத்ததும் அழிச்சிருவேன். இன்னைக்கு வெறுங்காலோட வந்தீக, அதான் விட்டுட்டேன்.” காப்பி எடுத்தபோது? “சாமிய மெயில்ல அனுப்பலாமா சார்?”

முழு லோடு

பூஜ்யம் உள்ள வரியைத் தாண்டிப் போகும்படி க்வெரியைத் திருத்தப் போனேன். அண்ணாச்சிக்குப் பொறுமை இல்லை. இதற்கா இத்தனை நாள் என்று, எட்டி அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக மாற்றிப் பொத்தானையும் அழுத்திவிட்டார். சீட்டுகள் மளமளவென்று வந்தன. முதல் சீட்டை உருவிக்கொண்டு டிரைவர் கிளம்பிவிட்டார்.

விஷயம் எங்களுக்கு உறைப்பதற்குள், தெருமுனைப் பிள்ளையார் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி போனில் கத்தினார். மறுமுனையில் டிரைவர் நிதானமாகச் சொன்னது எங்களுக்கே கேட்டது. “சீட்டுல ஒரு வீடு, முழு லோடுன்னு இருந்துச்சு அண்ணாச்சி. எறக்கினேன். அவுகளும் வேணாம்னு சொல்லலை.”

நான் க்வெரியைத் திருத்தி முடித்தேன். பிள்ளையார் பூஜ்யம் வீட்டோடு முதல் வரியில் இருக்க, மற்ற சீட்டுகள் சரியாக வந்தன. முத்துலட்சுமி மட்டும் சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, கிளம்பச் சொல்வார்கள் என்று நின்றிருந்தாள். அண்ணாச்சி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். “நீ ஏன் தாயி நிக்கிற? உக்காரு. நீ பூஜ்யம் போட்ட வரைக்கும் ஒரு சொட்டு வீணாப் போகலை. ஒண்ணு போட்டவன் நாந்தானே.”

என்ன பிழை என்பதைக் கணினியே சொல்லிவிடும். அது யாருடைய மரியாதைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.