கம்பியடியில் ஊற்றிய தண்ணீர்

நான் நெடுங்கேணியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவன். என் மனைவியின் தம்பி ஏழு வருடம் என்னோடு வேலை செய்தான். எங்கே போனாலும் அம்பிளிபயரின் எர்த் கம்பியை நிலத்தில் அடித்துவிட்டு, அதனடியில் நின்று ஆறுதலாகக் கைகால் கழுவுவான். சோம்பேறி என்று ஏசி, போன வைகாசியில் அவனை நிறுத்திவிட்டேன்.

அடுத்த கலியாண வீட்டிலேயே என் பழைய அம்பிளிபயர் பெட்டி வண்டுபோல இரைந்தது. வால்வுகளை மாற்றினேன். வயர்களுக்குத் திரும்ப ஈயம் வைத்தேன். இரைச்சல் போகவில்லை. "போகேக்க அவன்தான் பெட்டியைப் பழுதாக்கிப்போட்டான்" என்று காண்பவரிடமெல்லாம் சொன்னேன்.

ஆவணியில் கனகராயன்குளத்துக் கோயிலில், பொங்கலுக்கு அரிசி கழுவிய ஒரு பெண் அந்தத் தண்ணீரைக் கம்பியடியில் ஊற்றினாள். இரைச்சல் அப்படியே நின்றது. காய்ந்து வெடித்த நிலத்தில் எர்த் பிடிக்காததுதான் கோளாறு. மச்சான் கால் கழுவுகிற சாட்டில் நிலத்தை நனைத்திருக்கிறான். சொன்னால் நான் கேட்கிற ஆளில்லை.

அவனிடம் போனேன். இருக்கக் கதிரை தந்தான். நடந்ததைச் சொல்லி, திரும்ப வேலைக்குக் கூப்பிட்டேன்.

"பெட்டியை எத்தினை தரம் திறந்து பாத்தியள் அத்தான். என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாம்" என்றான். வேலைக்கு வரவில்லை.

இப்போது பெட்டியைத் திறக்குமுன் கம்பியடியில் தண்ணீர் ஊற்றுகிறேன். வாளியையும் நானே சுமக்கிறேன்.