கொம்பில்லாத மாட்டுக்கு வைத்த கொம்பு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பால் பூத் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கூடையைக் கை மாற்றிக்கொண்டே சொன்னார்: "நம்ம பால்கார கன்னியம்மா போயிட்டாங்களாம். சானடோரியம் ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிடுச்சாம்." வரிசை ஓரடி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

பம்மலில் நம் தெருவில் அவரிடம் பால் வாங்காத வீடு கிடையாது. அதனால் இதை நம் தெருவினருக்காகவே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இதில் இருக்கிறது.

கன்னியம்மா அக்காவிடம் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. ஒன்று சிவப்பு, அதைச் 'செவல' என்பார். மற்றது கறுப்பு, கொம்பில்லாத மொட்டை மாடு. கன்றாக இருந்தபோதே தாய் செத்துப்போய், பாலில்லாமல் நோஞ்சானாகக் கிடந்ததால் அதற்குச் 'சவல' என்று பெயர். வளர்ந்து பளபளவென்று ஆன பிறகும் அவர் பெயரை மாற்றவில்லை. "பேரு மாட்டுக்குத் தெரிஞ்சாப் போதும். நமக்குப் புடிக்கணும்னு இன்னா கீது?" என்பார். இந்தக் கதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு கால்நடை டாக்டர் அம்மா மாடுகளின் ரத்தம் எடுக்க வந்தார். மாட்டுக்குக் காசநோய் உண்டா என்று அறிய, கழுத்தில் ஊசி போட்டு மூன்று நாள் கழித்து வீக்கம் பார்ப்பதுதான் வழக்கமாம். இது புதுச் சோதனை. கிருமி நுழைந்த உடம்பின் ரத்தம் அதை மறப்பதில்லை; குழாயில் கிருமிச் சத்தைக் கலந்தால் காட்டிக்கொடுத்துவிடும். மாடு இருமும் முன்பே, இளைக்கும் முன்பே தெரிந்துவிடும். ரத்தத்தை ஐஸில் வைக்காமல் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார். வேடிக்கை பார்த்த என்னிடம், "உன் கையெழுத்து நல்லா இருக்குமா? குழாயில ஒட்டச் சீட்டு எழுது" என்றார்.

கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்து எழுதினேன். உள்ளே கயிற்றைப் பிடித்திருந்த அக்கா "இது செவல" என்று குரல் கொடுத்தார். 'செவலை' என்று எழுதினேன். அடுத்த குழாய் வந்தது. "இது சவல" என்றார். அவர் கொச்சையாகச் சொல்கிறார், நாம்தான் திருத்தி எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஒரே மாட்டிடம் இரண்டு குழாய் எடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மறுபடியும் 'செவலை' என்று அழகாக எழுதினேன். வெளியே வந்த அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு மாட்டை அவிழ்க்க உள்ளே போனார்.

முடிவு வந்தது. இரண்டு செவலையில் ஒன்றுக்கு நோய் இருக்கிறது, ஒன்றுக்கு இல்லை. அடுத்த வாரம் வந்து மறுபடி எடுப்பதாகவும், அதுவரை பாலை யாரும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்றும் டாக்டர் அம்மா சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். ஒன்றரை மாதம் அவரால் வர முடியவில்லை.

செய்தி பரவி, வீடு வீடாகப் பாலை நிறுத்தினோம். அக்காவுக்கு வேறு பிழைப்பில்லை. இரண்டு மாட்டையும் பார்த்தார். கன்று போட்டுச் சிவப்பு மாடு இளைத்திருந்தது; கறுப்பு மினுமினுத்தது. சிவப்பைப் பல்லாவரம் சந்தையில் விற்றுவிட்டு, மறுநாள் நம் வாசல்களில் வந்து நின்றார்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல கன்னியம்மா. வீட்ல சின்னக் குழந்தை இருக்கு" என்றாள் என் அம்மா.

"நோவு மாடு போயிட்ச்சிம்மா. இது ராணி மாரி கீது. நானே குடிக்கிறேன், பாரு."

கேனிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, நின்ற இடத்திலேயே பச்சையாகக் குடித்தார். உங்கள் வீட்டு வாசலிலும் குடித்திருப்பார். மழை முடியும்வரை தினமும் குடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் நாம் பாத்திரத்தை நீட்டினோம். நாம் காய்ச்சிக் குடித்தோம்.

மழை விட்டு டாக்டர் அம்மா வந்து கறுப்பு மாட்டின் ரத்தத்தை எடுத்தார். முடிவு வந்தது: நோய் அதற்குத்தான். சீட்டில் பெயர் எப்படி மாறியது என்று அவர் கேட்டபோது நான் அங்கேதான் நின்றேன். அக்கா முந்திக்கொண்டு, "நான்தாம்மா பேர மாத்திச் சொல்லிட்டேன்" என்றார். நான் பேசவில்லை. கறுப்பு மாட்டை அவர் தனியே கட்டி, கறக்காமல் தீனி போட்டார். அடுத்த கோடைக்குள் அது செத்துப்போனது. நாம் பால் பூத்துக்கு மாறினோம்.

மூன்று வருடம் கழித்து அக்காவின் கழுத்தில் காசநோய்க் கட்டிகள் வந்தன. பிறகு நோய் வயிற்றுக்குள் போனது. அந்தப் பாலால்தான் வந்ததா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நானும் சொல்ல முடியாது. ஆனால் படுத்தாலும் எழுந்தாலும் எனக்கு அந்த டம்ளர்தான் கண்ணில் நிற்கிறது.

போன மாதம் சானடோரியத்துக்குப் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். போர்வைக்குள் உடம்பு இருப்பதே தெரியவில்லை.

"அன்னிக்கே பாத்தேம்மா" என்றார். "எனக்கு எழுத்து தெரியாது. ஆனா ரெண்டு சீட்டும் ஒரே மாரி இருந்திச்சி. படிக்கிற பொண்ணு எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

இரண்டு சொல்லுக்கும் எழுத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்டார். நோட்டில் எழுதிக் காட்டினேன். செவலைக்கு முன்னால் ஒரு கொம்பு உண்டு, சவலைக்கு இல்லை என்றேன். விரலால் அந்தக் கொம்பைத் தடவிப் பார்த்தார். இருமல் வந்தது. அது அடங்கியதும் சொன்னார்:

"சவலைக்குத்தான் கொம்பே கெடையாதேம்மா. நீ எதுக்கு வெச்ச?"

சிரித்தார். என்னால் முடியவில்லை.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. யார் எதைச் சொல்லி எழுதச் சொன்னாலும் இப்போது நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறேன்; மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொல்கிறேன்; சொன்னபடியே எழுதுகிறேன். அவருடைய கறுப்பு மாட்டின் பெயர் சவலை.