கை எட்டிய நடுக்கோடு

சுருளிராஜன் சம்பளத்துக்கு இரண்டு விளையாட்டு ஆடியவர். முதல் ஏழு வருடம் வாலிபால். அதில் நடுக்கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் பாயிண்ட் போய்விடும். பிறகு உயரத்தைப் பார்த்து ஒரு கபடி அணி எடுத்துக்கொண்டது. அதில் பாடிப்போனவர் பிடிபட்டாலும் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் தப்பித்தார்.

முதல் ஆட்டம், கடைசி ரெய்டு. நாலு பேர் மேலே கிடக்க, சுருளிராஜனின் கை கோடுவரை போனது. போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அணி ஒரு பாயிண்டில் தோற்றது.

"ஏலே, கைய ஏன்டா இழுத்த?" என்றார் பயிற்சியாளர்.

"கோடு இருந்துச்சுண்ணே."

இப்போது மார்க்கையன்கோட்டையில் நெல் போடுகிறார். அவர் ஆட்டத்தை இன்றும் மெச்சுவது பக்கத்து வயல் ஒச்சாண்டி மட்டும்தான்.

"வருசா வருசம் வரப்ப அவுக பக்கமாத் தள்ளிப் போடுறேன். இன்னிவரைக்கும் தாண்டி ஒரு கால் வச்சதில்ல. அருமையான பிளேயரு!"